தொக்கணக் கல்வி: ஜப்பானியப் பார்வையற்றோர் பெற்ற உரிமம்

தலைநகர் தில்லியில் குளிர்காலத்து ஞாயிற்றுக்கிழமைகளைக் கழித்தவர்கள் ஒரு காட்சியை மறந்திருக்க மாட்டார்கள். பூங்காப் புல்தரையில் மக்கள் குடும்பத்துடன் அமர்ந்து வெயில் காய்ந்துகொண்டிருப்பார்கள். அவர்களுக்கிடையே, எண்ணெய்க் குப்பிகளைக் கையில் ஏந்திக்கொண்டு, 'மாலிஷ், தேல் மாலிஷ்' என்று கூவியவண்ணம் ஒருவர் வருவார். அழைத்தால் போதும், தலை, தோள், முதுகு, கால் எல்லாவற்றையும் நீவித் தட்டிப் பிடித்துவிட்டு, கொடுத்ததைப் பெற்றுக்கொண்டு போய்விடுவார்.

பல ஆண்டுகளுக்கு முன், ஓயாமல் குனிந்து எழுதியதனால் தோள் இறுகிப்போன நிலையில், நானும் அத்தகைய ஒருவரிடம் என்னை ஒப்படைத்தேன். முதல்முறை அவர் கை பட்டதும் வலி பறந்தது. இரண்டாம் முறை அவர் என் கழுத்தைச் சட்டெனத் திருப்பினார். அதன் பயனாகப் பதினைந்து நாட்கள் நான் எத்திசையும் திரும்ப இயலாதவனாக இருந்தேன். பின்னொரு நாள் அவரைக் கண்டபோது, "இந்தக் கலையை எங்கே கற்றீர்கள்?" என்று வினவினேன். "எங்கள் அப்பாவின் கையிலிருந்து" என்றார். அந்த விடையில் பெருமையும் இருந்தது, உண்மையும் இருந்தது. ஆனால் கழுத்தில் எலும்புகள் 7 உள்ளன என்பதையும், அவற்றின் ஊடே உயிர்நாடியான நரம்புத்தண்டு செல்கிறது என்பதையும் அந்தத் தந்தை சொல்லித் தரவில்லை. சொல்லித் தந்திருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் அவரைக் கேட்கவுமில்லை.

நம் நாட்டில் இந்தக் கலைக்குப் பஞ்சமில்லை. பிறந்த குழந்தையைக் கால்மேல் கிடத்தி, எண்ணெய் தேய்த்து உருவிவிடும் பாட்டியின் கையை அறியாதவர் நம்மில் யார்? சித்த மருத்துவம் கூறும் 32 வகைப் புற மருத்துவங்களுள் தொக்கணம் என்பதும் ஒன்று. தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், அழுத்தல், இழுத்தல் என்று அதன் செயல்களை ஒன்பதாகப் பகுத்திருக்கிறார்கள். மேல்நாட்டார் மஸாஜ் என்று கூறுவதும் இதுவே. கலை இருந்தது, பெயரும் இருந்தது. ஆனால் அதனைக் கற்றவர் யார், கல்லாதவர் யார் என்று பிரித்துக்காட்டும் ஓர் ஏற்பாடு ஊரறிய நிலைபெறவில்லை. அத்தகைய ஏற்பாடு ஒன்றினால் யாருக்கு நன்மை, யாருக்குத் தீமை? இந்த வினாவுக்கு ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளாக விடை தேடிவரும் நாடு ஜப்பான். அந்த நாட்டின் வரலாற்றை இன்று சிறிது நோக்குவோம்.

ஜப்பானியர் தொக்கணத்தை 'அன்மா' என்பர். அழுத்துதல், தேய்த்தல் என்னும் பொருள் தரும் இரண்டு சீனச் சொற்களின் சேர்க்கை அது. கொரியா, சீனா ஆகிய நாடுகளிலிருந்து பௌத்தமும் எழுத்தும் ஜப்பானுக்குச் சென்ற காலத்தில் மருத்துவமும் உடன் சென்றது. 718 இல் தொகுக்கப்பெற்று, 757 இல் நடைமுறைக்கு வந்த 'யோரோ' என்னும் சட்டத் தொகுப்பில், அரசாங்க மருத்துவத் துறையின் உத்தியோகஸ்தர் பட்டியல் காணப்படுகிறது. அதில் அன்மாப் பேராசிரியர் ஒருவர், அன்மாச் செய்வோர் இருவர், மாணவர் 10 பேர் என்று இடங்கள் குறிக்கப்பட்டுள்ளன. எலும்பு முறிவைக் கட்டும் முறையையும் சேர்த்து அந்த மாணவர்கள் 3 ஆண்டுகளில் கற்றுத் தேறவேண்டும் என்பது விதி. அந்த மூன்று ஆண்டு என்ற கணக்கை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். இதே எண்ணை இந்தப் பேச்சின் பிற்பகுதியில் மீண்டும் சந்திப்போம்.

அரசவையின் செல்வாக்குத் தேய்ந்து, போர்வீரர் ஆட்சி ஓங்கிய நாட்களில் இந்த ஏற்பாடு மங்கி மறைந்தது. கலை மட்டும் மக்களிடையே வாழ்ந்தது. இதற்கிடையே பார்வையற்ற ஆடவர் பலர், 'பிவா' என்னும் நரம்பிசைக் கருவியை மீட்டி, ஹெய்க்கே குலத்தின் வீழ்ச்சியைக் கூறும் போர்க்கதையைப் பாடி ஊர் ஊராகத் திரிந்து பிழைத்தனர். அவர்களிடையே ஒரு சங்கம் தோன்றிற்று. அதற்குத் 'தோதோசா' என்று பெயர். 1603 இல் தொடங்கிய தொகுகாவா ஆட்சியில் இந்தச் சங்கம் அரசின் பாதுகாப்பைப் பெற்றது. உறுப்பினருக்கு 73 படிகள் வகுக்கப்பட்டிருந்தன. படியேறப் பணம் கட்ட வேண்டும். பாட்டும் யாழும் ஒருசாராருக்குச் சோறிட்டன. வட்டிக்குப் பணம் கொடுத்துச் செல்வரானோரும் உண்டு. கீழ்ப்படிகளில் நின்ற ஏழைகளுக்கோ அன்மா ஒன்றே கைப்பொருளாயிற்று. இரவில் சிறு குழலை ஊதிக்கொண்டு, கோலூன்றித் தெருவில் நடந்து செல்லும் பார்வையற்ற தொக்கணக்காரர், அக்கால நகரங்களில் அன்றாடக் காட்சியாக விளங்கினார். சங்கம் அவருக்குத் துணையாக நின்றதேயன்றி, கல்வி தரவில்லை.

அந்தக் கல்வியைத் தந்தவர் சுகியாமா வாயிச்சி. 1610 இல் இஸே நாட்டின் த்சு என்னும் ஊரில் போர்வீரர் குடும்பத்திற் பிறந்து, இளமையிலேயே கண்ணிழந்தவர். ஷோகன் ஆட்சியின் தலைமையிடமாகிய எடோவுக்குச் சென்று, யமாசே என்னும் ஆசானிடம் ஊசி மருத்துவம் கற்க அமர்ந்தார். கை திருந்தவில்லை, மறதி மிகுதி என்று ஆசான் அவரை விலக்கிவிட்டார். மனமுடைந்த வாயிச்சி, எனோஷிமா என்னும் தீவுக்குச் சென்று, அங்குள்ள குகைக் கோயிலில் பென்தென் என்னும் தேவியை நோக்கி உண்ணாநோன்பு கிடந்தார் என்பது மரபு.

இங்கே நாம் ஒரு கணம் நிற்க வேண்டும். பென்தென் என்னும் அந்தத் தேவி நமக்கு அந்நியள் அல்லள். பௌத்த நூல்களின் வழியே சீனம் கடந்து ஜப்பான் சேர்ந்த நம் சரஸ்வதியே அவள். கையில் வீணைக்கு மாறாகப் பிவா இருக்கும், வேறுபாடு அவ்வளவுதான். 'உனக்குக் கல்வி வராது' என்று விரட்டப்பட்ட ஒருவர், கடல் சூழ்ந்த குகையில் கலைமகளின் வாயிலில் கிடந்தார் என்பதை எண்ணும்போது, அந்தத் தொலைநாட்டுக் கதை நம் வீட்டுக் கதையாகிவிடுகிறது.

நோன்பு முடித்துத் திரும்பும் வழியில் அவர் ஒரு கல்லில் தடுக்கி விழுந்தாராம். ஏதோ ஒன்று காலிற் குத்தியது. தடவிப் பார்த்தபோது, சுருண்ட இலைக்குள் ஒரு பைன் மர ஊசியிலை இருக்கக் கண்டார். சிறு குழாய்க்குள் ஊசியை நிறுத்தி, மேல்முனையைத் தட்டினால், கண்ணில்லாதவரும் வலியில்லாமல் செம்மையாக ஊசி இறக்கலாமே என்ற எண்ணம் அவருக்கு அப்போது பிறந்தது என்பர். கதை எவ்வாறாயினும், குழாய் வழியே ஊசி இடும் முறை அவர் பெயராலேயே வழங்குகிறது. ஜப்பானிய ஊசி மருத்துவர்கள் இன்றும் கையாள்வது பெரும்பாலும் அந்த முறையே.

வாயிச்சி பின்னர் ஐந்தாம் ஷோகனாகிய தொகுகாவா த்சுனயோஷிக்கு மருத்துவம் செய்து புகழ்பெற்றார். "உமக்கு வேண்டுவது யாது?" என்று ஷோகன் கேட்க, "ஒரு கண் வேண்டும்" என்று இவர் விடையிறுத்தாராம். கண்ணைத் தருதல் எவராலும் ஆகாது. எடோவின் ஹொன்ஜோப் பகுதியில் 'ஹிதோத்சுமே' என்று பெயர்பெற்ற இடம் ஒன்று இருந்தது. ஒன்றாவது என்றும், ஒரு கண் என்றும் அச்சொல்லுக்கு இருபொருள் கொள்ளலாம். 1693 இல் அந்த இடத்தில் அவருக்கு நிலம் வழங்கப்பட்டது. சிலேடையால் முடிந்த அந்தக் கொடைக்குச் சான்றாக, அங்கே அவர் நினைவைத் தாங்கிய கோயில் இன்றும் நிற்கிறது. அடுத்த ஆண்டில் அவர் காலமானார்.

எனினும் அவர் உண்மையில் பெற்ற கண் அந்த நிலமன்று. 1682 இல் அவர் தொடங்கிய கல்விச்சாலையே அது. பார்வையற்ற மாணவர்க்கு அன்மாவும் ஊசி மருத்துவமும் அங்கே முறையாகக் கற்பிக்கப்பட்டன. பாடங்கள் மனனம் செய்தற்கு ஏற்றவாறு நூல்களாகத் தொகுக்கப்பட்டன. அவருக்குப்பின் அவர் மாணாக்கர் மிஷிமா யசுயிச்சி பல ஊர்களில் அத்தகைய சாலைகளைத் தோற்றுவித்தார். பார்வையற்ற சிறுவர்க்கென ஐரோப்பாவில் முதன்முதல் எழுந்த பாரிஸ் பள்ளி 1785 இல் திறக்கப்பட்டதென்பதை நோக்கினால், வாயிச்சியின் முயற்சி அதற்கு நூறாண்டு முந்தியது என்பது விளங்கும். தெருவில் குழலூதி நடந்தவரை, உடலின் அமைப்பையும் நோயின் குறியையும் கூறவல்லவராக அது மாற்றிற்று.

கற்ற கல்வியின் வலிமை சோதனைக் காலத்திலேதான் தெரியும். முதற்சோதனை மெய்ஜி ஆட்சியில் வந்தது. பழைய ஏற்பாடுகளையெல்லாம் களைந்து, மேல்நாட்டு முறையில் நாட்டைப் புதுக்க முனைந்த அரசு, 1871 இல் தோதோசா சங்கத்தைக் கலைத்தது. பணம் கட்டிப் பெற்ற பட்டங்கள் ஒரே நாளில் வெறும் பெயராயின. மருத்துவம் மேல்நாட்டு மருத்துவமே என்ற கொள்கையும் தலைதூக்கிற்று. வாயிச்சி மரபின் கல்விச்சாலைகளும் நிலைகுலைந்தன.

அந்த இருளில் புதிய பள்ளிகள் தோன்றின. 1878 இல் கியோத்தோவில் புருகாவா தஷிரோ என்பவர் பார்வையற்றோர்க்கும் காதுகேளாதோர்க்கும் பள்ளி திறந்தார். தோக்கியோவில் 1875 இல் கூடிய ஓர் அறச்சபையின் முயற்சியால் 1880 இல் மற்றொரு பள்ளி எழுந்தது. அந்தச் சபையைத் தோற்றுவித்தோருள் ஹென்றி ஃபோல்ட்ஸ் என்னும் ஸ்காத்லாந்து மருத்துவரும் ஒருவர். விரல்ரேகையைக் கொண்டு மனிதரை அடையாளம் காணலாம் என்று 1880 இல் 'நேச்சர்' இதழில் எழுதிய அறிஞர் அவரே. விரல் நுனியின் கோடுகளை ஆராய்ந்தவர், விரல் நுனியால் வாழ்வோரின் பள்ளிக்கும் துணைநின்றார் என்பது இந்த வரலாற்றின் இனிய தற்செயல்களுள் ஒன்று. 1890 இல் அதே தோக்கியோப் பள்ளியில் இஷிக்காவா குராஜி என்னும் ஆசிரியர் ஜப்பானிய மொழிக்கேற்ப அமைத்த பிரெயில் எழுத்து ஏற்றுக்கொள்ளப்பட்டது. அதன்பின் உடற்கூற்று நூலைப் பிறர் படிக்கக் கேட்கும் நிலை மாறி, மாணவர் தாமே படிக்கலாயினர். 1903 இல் அங்கே ஆசிரியர் பயிற்சியும் தொடங்கிற்று. பார்வையற்றவர் பார்வையற்றவருக்கு ஆசானாகும் வழி அவ்வாறு திறந்தது.

இதற்குள் ஐரோப்பிய மஸாஜ் முறையும் ஜப்பானுக்குள் வந்தது. பார்வையுள்ளோர் பலர் தொழிலுக்குள் நுழைந்தனர். எங்கள் பிழைப்பை எங்களுக்கே ஒதுக்குங்கள் என்று பார்வையற்றோர் அரசைக் கேட்டனர். முழு ஒதுக்கீட்டுக்கு அரசு இசையவில்லை. 1911 இல் உள்துறை அமைச்சகம் தொழில் விதிகளை வெளியிட்டது. அவ்விதிகளின்படி, அன்மாத் தொழில் செய்வோர் தேர்வில் தேற வேண்டும். அன்றி அங்கீகாரம் பெற்ற பள்ளியிற் படித்துத் தேற வேண்டும். பொதுத் தேர்வுக்கு 4 ஆண்டுப் பயிற்சி வேண்டப்பட்டது. பார்வையற்றோர்க்கு மட்டும் 2 ஆண்டுப் பயிற்சியோடு எழுதத்தக்க தனித் தேர்வு வகுக்கப்பட்டது. தொக்கணம் செய்வோர் கையில் அரசுச் சான்று வந்தது இவ்வாறே.

உரிமத்தை ஜப்பானியர் 'மென்க்கியோ' என்பர். அரசாங்கச் சட்டத்தில் ஏறுவதற்கு முன்னரே, வாள்வித்தை முதலிய கலைகளில் ஆசான் தேறிய மாணவனுக்கு அளித்த சான்றோலைக்கு அப்பெயர் வழங்கிற்று. சொற்களோடு மல்லாடுவதே தொழிலாகக் கொண்ட எனக்கு இது சிந்தனைக்குரியதாகத் தோன்றுகிறது. நாம் முன்னர் 'அனுமதிச்சீட்டு' என்றோம். பின்னர் 'உரிமம்' என்றோம். சீட்டு என்பது கொடுப்பவரின் தயவைக் காட்டும். உரிமம் என்பது பெறுபவரின் உரிமையைக் காட்டும். ஜப்பானியப் பார்வையற்றோர் முதலாவதிலிருந்து இரண்டாவதற்குச் சென்ற பயணமே இந்த வரலாறு.

இரண்டாம் சோதனை போர்த் தோல்விக்குப்பின் வந்தது. 1947 செப்டம்பரில், ஆக்கிரமிப்புப் படைத் தலைமையகத்தின் சுகாதாரப் பிரிவு, ஊசி மருத்துவம், மூலிகைப் பஞ்சு கொளுத்திச் சூடிடும் முறை முதலியவை விஞ்ஞானத்துக்கு ஒவ்வாதவை, அவற்றைத் தடை செய்ய வேண்டும் என்ற கருத்தை ஜப்பானிய அரசுக்குத் தெரிவித்தது. பசியும் பஞ்சமும் நிலவிய நாட்களில், ஆயிரக்கணக்கான பார்வையற்றோர்க்கு அது தலைமேல் விழுந்த இடியாயிற்று. பள்ளிகளின் ஆசிரியரும் மாணவரும் விண்ணப்பங்களோடு திரண்டனர். இஷிக்காவா ஹிதெத்சுருமாரு என்னும் உடலியல் பேராசிரியர், அமெரிக்க அதிகாரிகளின் முன்னிலையில் சோதனைகள் செய்துகாட்டி வாதாடினார். அவர் பணியாற்றியது, வாயிச்சி பிறந்த அதே த்சு நகரில்.

'இரக்கம் காட்டுங்கள்' என்பதோடு அவர்கள் நின்றிருப்பார்களாயின், என்ன நேர்ந்திருக்குமோ அறியோம். அவர்களிடம் பள்ளிகள் இருந்தன, பாடநூல்கள் இருந்தன, தேர்வேடுகள் இருந்தன. 1947 டிசம்பர் 20 ஆம் நாள் 217 ஆம் எண் சட்டம் பிறந்தது. தடைக்கு மாறாக, பயிற்சியும் தேர்வும் உரிமமும் அதில் வலியுறுத்தப்பட்டன. இன்றும் நடைமுறையில் இருப்பது, பலமுறை திருத்தம் பெற்ற அந்தச் சட்டமே.

இன்று ஒருவர் உரிமம் பெறும் வழியைச் சுருக்கமாகக் கூறுகிறேன். உயர்நிலைக் கல்வி முடித்தவர் அங்கீகாரம் பெற்ற பள்ளியில் குறைந்தது 3 ஆண்டுகள் பயில வேண்டும். எட்டாம் நூற்றாண்டின் கணக்கு அப்படியே திரும்பி வந்திருப்பதை நேயர்கள் காணலாம். பார்வைக் குறைபாடுடையோர் நடுநிலைக் கல்வியோடும் சேரலாம். உடற்கூறு, உடலியல், நோயியல், சுகாதாரம், கீழைநாட்டு மருத்துவக் கோட்பாடு, தொழிலுக்குரிய சட்டம் ஆகியவை பாடங்கள்; இவற்றோடு கைப்பயிற்சி. பார்வையற்ற மாணவர் எலும்பு மாதிரிகளைத் தடவித் தடவியே உடலின் படத்தை மனத்தில் எழுதிக்கொள்வர். 1993 முதல் நாடு முழுவதற்கும் ஒரே தேசியத் தேர்வு நடைபெற்றுவருகிறது. அதனைப் பிரெயிலிலும், பெரிய எழுத்திலும், ஒலிவடிவிலும் எழுத இடமுண்டு.

உரிமம் பெற்றவரைச் சட்டம் கட்டுப்படுத்தவும் செய்கிறது. அவர் அறுவை செய்யலாகாது, மருந்து கொடுக்கலாகாது. முறிந்த எலும்பிலும் விலகிய மூட்டிலும் மருத்துவரின் இசைவின்றிக் கை வைத்தலாகாது. தம் திறமையையும் முறையையும் பூர்வ அனுபவத்தையும் விளம்பரத்திற் பறைசாற்றலாகாது. நோயாளியின் இரகசியத்தைக் காக்க வேண்டும். என் கழுத்தைத் திருப்பிய நண்பரை நான் இங்கே நினைத்துக்கொள்கிறேன். அவரிடம் குறைந்திருந்தது கைத்திறன் அன்று. எதைச் செய்யக்கூடாது என்ற அறிவே அவருக்குக் கிட்டாதது. பயிற்சியின் பாதிப் பயன் அந்த அறிவைத் தருவதே.

ஆயினும் உரிமம் வந்ததனால் துன்பமெல்லாம் தீர்ந்ததென்று எண்ணிவிடலாகாது. மருத்துவத்தை ஒத்த தொழில்களை உரிமமின்றிச் செய்வோரைத் தண்டிக்க வேண்டுமாயின், அச்செயலால் உடலுக்குத் தீங்கு நேரக்கூடும் என்பது தெரிய வேண்டும் என்று 1960 இல் ஜப்பானிய உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த இடைவெளியின் ஊடே, தொக்கணம் என்ற பெயரைத் தவிர்த்து, 'களைப்பாற்றும் நிலையம்' என்றாற்போன்ற பெயர்களில் கடைகள் பெருகின. மற்றொருபுறம், உரிமம் பெற்ற பார்வையுள்ளோரும் பெருகினர். ஆகவே 1964 இல் சட்டத்தில் 19 ஆம் பிரிவு சேர்க்கப்பட்டது. பார்வையற்றோரின் பிழைப்புக்குப் பெருங்கேடு நேராதிருத்தற்பொருட்டு, பார்வையுள்ளோர்க்கான புதிய தொக்கணப் பள்ளிகளுக்கு 'இப்போதைக்கு' அனுமதி மறுக்கலாம் என்பது அதன் கருத்து. அரசாங்க ஏடுகளில் 'இப்போதைக்கு' என்ற சொல்லின் ஆயுள் எவ்வளவு நீளும் என்பதை என்போன்ற மொழிபெயர்ப்பாளர் நன்கறிவர். அந்தச் சொல் அறுபது ஆண்டுகளைக் கடந்து நிற்கிறது.

விரும்பிய தொழிலைச் செய்யும் உரிமையை அரசமைப்பு எல்லோர்க்கும் தருகிறதே, எங்கள் மாணவர்க்கு மட்டும் வாயிலை அடைப்பது முறையா என்று கல்வி நிறுவனங்கள் வழக்காடின. 2022 பிப்ரவரி 7 ஆம் நாள் உச்சநீதிமன்றம் அந்தப் பிரிவு அரசமைப்புக்கு முரணன்று என்று தீர்ப்பளித்தது. அண்டை நாடாகிய தென்கொரியாவில் நிலைமை இன்னும் கடுமை. அங்கே இத்தொழிலின் உரிமம் பார்வைக் குறைபாடுடையோர்க்கே உரியது. 2006 இல் அந்த விதி செல்லாதென்று அரசமைப்பு நீதிமன்றம் கூறியபோது, பார்வையற்றோர் ஹான் ஆற்றுப் பாலத்தில் ஏறிப் போராடினர்; சிலர் ஆற்றிற் குதித்தனர். நாடாளுமன்றம் புதிய சட்டத்தால் அந்த உரிமையை மீட்டது. 2008 இல் அதே நீதிமன்றம் அதனை ஏற்றது.

இரு தரப்பு வாதங்களிலும் நியாயம் உண்டு. கதவு எல்லோர்க்கும் திறந்திருக்க வேண்டும் என்பது ஒரு நியாயம். ஒரே ஒரு கதவை உடையவனிடமிருந்து அதனையும் பறிக்கலாகாது என்பது மற்றொரு நியாயம். இன்று ஜப்பானில் உரிமம் பெற்று இத்தொழில் செய்வோருள் பார்வையுள்ளோரே பெரும்பான்மையினர். பார்வையற்ற இளைஞர்க்கு வேறு தொழில்களின் வாயில்கள் எவ்வளவு அகலத் திறக்கின்றனவோ, அந்த அளவுக்கு 19 ஆம் பிரிவின் தேவை குறையும். அதுவரை அந்த 'இப்போதைக்கு' நிற்பதே நீதியென்று எனக்குத் தோன்றுகிறது.

சொந்த ஊரை விட்டுப் பிற மாநிலங்களில் வாழும் நமக்கு இந்த வரலாற்றின் கருத்து எளிதில் விளங்கும். உறவும் செல்வாக்கும் ஊரோடு நின்றுவிடும். கற்ற கல்வியும் அதற்குரிய சான்றும் மட்டுமே நம்மோடு இரயிலேறி வரும். சங்கத்தின் பட்டங்கள் 1871 இல் அழிந்தன. கையிலும் நினைவிலும் இருந்த கல்வி அழியவில்லை.

பூங்காவில் எண்ணெய்க் குப்பிகளோடு நடக்கும் அந்த நண்பரின் மகன், தந்தையின் கைத்திறனோடு கழுத்தெலும்பின் கணக்கையும் கற்க ஒரு பள்ளி கிடைக்குமாயின், அவன் கொடுத்ததை வாங்கிக்கொண்டு போகிறவனாக இருக்கமாட்டான். தன் கூலியைத் தானே சொல்லிக் கேட்பான். வாயிச்சி வேண்டிய ஒரு கண் அதுவே.